நாற்பத்தொரு வீட்டு நம்பர்

ஈப்போ
9.3.2025

உள்ளே இருக்கும் தர்மா அண்ணனுக்கு, வெளியே இருக்கும் தங்கச்சி துளசி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டி வலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. உனக்குத் தோல் அரிப்பு போய்விட்டதா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்கும் வார்டர் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா வீட்டிலும் எல்லாரும் நலம்தானே.

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று வேலை தேடினேன். ஏலத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா, "ஏலக்கா மட்டுந்தானா, கிராம்பும் விக்கிறாங்களா?" என்று கேட்டாள். பழைய டவுனில் முதலாளி லோ தவுக்கேயின் லெலோங் கடை, அண்ணே. பழைய சாமான்களை வாங்கி வைத்து மாதக் கடைசி ஞாயிறு ஏலம் விடுவார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், நாலு வரி வர்ணனை. ஆங்கிலத்தில் எழுதுவது தவுக்கேயின் மகள். தோட்டத்துச் சாமான் வாங்கத் தமிழ் ஆட்கள் நிறைய வருவதால் தமிழில் எழுத நான். எழுதுவதும் நானே, ஏலத்தன்று மைக்கில் வாசிப்பதும் நானே. தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. அது எனக்கு எவ்வளவு பெரிய வசதி என்று உனக்கே தெரியும்.

மாதிரிக்கு இரண்டு:

"நம்பர் 12. சீன நாற்காலி. மூன்று கால்கள் உறுதி. நான்காவது காலைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை."

"நம்பர் 20. நாலு அடுக்கு மங்குத் தூக்குச்சட்டி. பிடி ஆடும், மூடி ஆடும். நீங்கள் ஆடாமல் நடந்தால் குழம்பு வீடு போய்ச் சேரும்."

ஆட்கள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குகிறார்கள். இந்தத் தொழிலின் பாஷையும் பிடிபட்டுவிட்டது. 'காலத்தின் சுவடு' என்றால் கீறல். 'அபூர்வம்' என்றால் போன மாதமும் விற்கவில்லை.

ஒரே ஒரு சட்டம்தான். சாமான் கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது. பெயர் தவுக்கேயின் நோட்டில் இருக்கும். என் கைக்கு வருவது நம்பர் ஒட்டிய பொருள் மட்டும். ஆனால் கொடுத்தவர்களே ஏலத்துக்கு வந்து, வாங்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார்களாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. யாருடனும் வம்புக்குப் போகாதே, வம்பெல்லாம் எனக்கு விட்டுவை.

குறும்பு குறையாத,
துளசி


30.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். அரிப்பு போய்விட்டது. அம்மாவை முட்டிக்கு எண்ணெய் போடச் சொல், கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல். வார்டர் ஐயா உன் வணக்கத்தை வாங்கிக்கொண்டார். நாற்காலியைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தை என்னிடம் கொடுத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

துளசி, ஒரு விசயம். அம்மா பார்க்க வரும்போது இதை ஆரம்பித்தாலே அழுகிறாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

சுங்காய் வளைவில் லாரியை முந்தப் போய் நான் காரால் இடித்துக் கொன்றேனே, மோட்டார் சைக்கிளில் வந்த ஷர்வின், அந்தப் பையனுடைய அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர் பெயர் பிச்சைமுத்து. உனக்கு ஸ்கூல் போகும் என்று அம்மா உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டி வரவில்லை, அதனால் அவரை நீ பார்த்ததில்லை. கேஸ் நடந்த அத்தனை நாளும் வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஐந்து வருடம் என்று ஜட்ஜ் சொன்னபோது பக்கத்தில் இருந்தவரிடம், "முடிஞ்சுச்சா, போலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டால் கொடுப்பாரா என்று தெரியாது. கேட்காமல் இருக்க முடியவில்லை. தபாலில் போட்டால் சிறை முத்திரையைப் பார்த்ததும் கிழித்துவிடுவார். நீ நேரில் போய்க் கையில் கொடுப்பாயா? உன்னைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. வந்தாலும் நீ சிரிக்க வைத்துவிடுவாய். விலாசம் அம்மாவின் பிஸ்கட் டின்னில், கேஸ் பேப்பரோடு இருக்கிறது.

பதில் போடு. அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

அண்ணன்,
தர்மா


ஈப்போ
13.4.2025

அண்ணே,

எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி எண்ணெயைக் குடித்துவிட்டு மறுபடியும் வலிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? நாளைக்குச் சித்திரை ஒன்று. உனக்கும் வார்டர் ஐயாவுக்கும் வாழ்த்து.

நீ எழுதி அனுப்பு. கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சத்தியம்.

இப்போது நல்ல சேதி. 27ஆம் தேதி ஏலத்துக்கு ஒரு சாமான் வந்திருக்கிறது பார், எழுத எழுத எனக்கே கை நிற்கவில்லை. ஒரு பெரிய பலகை. அதில் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளின் நம்பர் தகடுகளை வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் இதையெல்லாம் சேர்த்தானோ. படி:

"நம்பர் 58. வீட்டு நம்பர் தகடுகள், நாற்பத்தொன்று. வீடுகள் சேர்த்தி இல்லை. இரண்டு தகட்டைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் ஒரு நாலு நம்பர் லாட்டரி. சேர்த்தவர் நம்பர் எழுதியே வாழ்ந்தவராக இருக்க வேண்டும். எது அடிக்கும் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டார். வாங்குகிறவர் வாரம் மூன்று முறை முயன்று பார்க்கலாம்."

எப்படி? தவுக்கேயின் மகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். டீ மூக்கில் ஏறிவிட்டது அவளுக்கு.

வேளைக்குத் தூங்கு.

இந்த மாதத்துச் சிறந்த எழுத்தாளர்,
துளசி


5.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். ரிசல்ட் என்ன ஆயிற்று? நல்லதோ கெட்டதோ, உடனே எழுது.

ஐம்பத்தெட்டாம் நம்பரை எங்கள் அறையில் சத்தம் போட்டு வாசித்தேன். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு சீனப் பையனுக்கு மலாயில் சொல்லி, அவனும் சிரித்தான். எத்தனைக்குப் போனது என்று கேட்கச் சொல்கிறான்.

இதோடு பிச்சைமுத்து ஐயாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஏழு தடவை எழுதிக் கிழித்தது. நீ படிக்க வேண்டாம். கொடுத்ததும் அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது. சிரிப்புக் காட்டி எழுதாதே, உள்ளபடி எழுது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தர்மா


ஈப்போ
22.6.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது. அம்மா நலம். ரிசல்ட் பரவாயில்லை, தமிழில் ஏ. மேல்படிப்புக்கு ஆறாம் படிவத்தில் பேர் கொடுத்திருக்கிறேன். அது தொடங்கும்வரை கடைக்குப் போகிறேன்.

சுங்காய்க்கு இன்னும் போகவில்லை. பஸ் சரியாக இல்லை.

58 விற்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

துளசி


6.7.2025

துளசிக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன். உன் கடிதத்தில் ஒரு கிண்டலும் இல்லை. வார்டர் ஐயா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை நீ.

ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு பஸ் இருக்கிறது, அங்கே மாறினால் சுங்காய். நான் போகாத ரோடா?

யாராவது ஏதாவது சொன்னார்களா? பயமாக இருந்தால் சொல்லிவிடு, கடிதத்தைத் திருப்பி அனுப்பு. உன்னைக் கட்டாயப்படுத்தியிருக்கக் கூடாது.

உடனே எழுது.

அண்ணன்


ஈப்போ
27.7.2025

அண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நலமாக இரு. வார்டர் ஐயாவுக்கு வணக்கம். ஐயா, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 27ஆம் தேதி ஏலத்தில் 58ஐ மைக்கில் வாசித்தேன். சரியான சிரிப்பு. முன் வரிசையில் ஒருவர், "முப்பத்தெட்டையும் பதினாலையும் சேத்துப் போடு தங்கச்சி" என்றார். இன்னொருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். எல்லாரும் சிரித்தார்களே தவிர ஒருவரும் கை தூக்கவில்லை. அடுத்த நம்பருக்குப் போகப் போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. நேராக மேசைக்கு வந்து பலகையைத் தூக்கினார்.

"இது விக்கிறதுக்கில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எம்மவன் ரோட்டுல கெடந்தப்பவும் சுத்தி நின்னவங்க மோட்டார் நம்பரத்தான் எழுதிக்கிட்டாங்க. அந்த வாரம் அது அடிச்சிருச்சுன்னு எங்கிட்டயே வந்து சொன்னாங்க" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக் போட்டபடி இருந்தது.

சாமானைத் திருப்பி எடுத்தால் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கப் போனது நான். பிச்சைமுத்து, சுங்காய் என்று எழுதினார், அண்ணே. நம் பிஸ்கட் டின் விலாசம்.

உன் கடிதம் வந்தது அதற்குப் பிறகு. எட்டுப் பேரும் சிரித்தோம் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை.

ஜூலை 6ஆம் தேதி, நீ அந்தக் கடிதத்தை எழுதிய அதே நாள், சுங்காய்க்குப் போனேன். உன் கடிதமும் பையில் இருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி இறந்து பல வருடம் ஆயிற்றாம். நான் லெலோங் கடைப் பிள்ளை, தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று வாசலிலேயே சொன்னேன். "சாப்டியா?" என்று கேட்டார். சார்டின் குழம்பு வைத்திருந்தார். எனக்கு முட்டை பொரித்தார்.

தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது ஷர்வின் இயந்திரத்துக்கு முன்னால் ஓடி ஓடி கதவுத் தகடுகளைக் கழற்றினானாம். மொத்தம் நாற்பத்து நாலு. குடியிருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தான். மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டான். அதற்குள்தான்.

"சொவத்துல வச்சுப் பாக்க முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல. காசு குடுத்து வாங்குறவன் தூக்கிப் போட மாட்டான்னு நெனச்சேன்லா, அதான் கொண்டாந்தேன்" என்றார்.

நான் சரியாக எழுதித் தருகிறேன் என்றேன். ஒவ்வொரு தகட்டுக்கும் அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். மூன்று ஞாயிறு போய்விட்டேன். இது ஒன்று: "நம்பர் 9. இராமசாமி குடும்பம். பகலெல்லாம் கதவு உள்பக்கம் திறந்தே கிடந்ததால் தகட்டில் வெயில் படவில்லை; எழுத்து புதிதுபோல் இருக்கிறது." வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். அவரைச் சிரிக்க வைக்கவும் முடிகிறது என்னால்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை, அண்ணே. முதல் நாளே கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன். சோற்றைப் போட்டுக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்போது வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்லக் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. சொன்னால் இனி அந்த வாசலில் நிற்க விடமாட்டார். எனக்குக் கிடைத்த மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு உனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டி எழுது.

துளசி


10.8.2025

துளசி,

நான் இருக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

திட்டவில்லை. நான் இல்லை என்று நீ சொன்னதற்குக் கோபமும் இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து என்னை இருக்கிறான் என்று யாரால் சொல்ல முடியும்? நானும் அந்தப் பையன் சேர்த்த தகடுகளை வாசித்துக் காட்டிச் சிரித்தவன்தான்.

ஆனால் கொடுத்துவிடு. எனக்காக இல்லை. யாருக்குச் சோறு போடுகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே.

தர்மா


ஈப்போ
31.8.2025

அண்ணே,

அம்மா சுகம். உனக்கு எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு கொடுத்தேன். உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் முன்பே சொன்னதை வைத்து மீதி இருந்த தகடுகளின் வர்ணனையும் எழுதி முடித்திருந்தேன். அந்தத் தாள்களை முதலில் கொடுத்தேன். சந்தோசமாக வாங்கினார். "டீத்தண்ணி கலக்கவா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி உன் கடிதத்தை நீட்டினேன். "இது எங்க அண்ணன் எழுதினது. தர்மா. எனக்கு அண்ணன் இருக்கு. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். வழி முழுக்க வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை.

நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். கோர்ட்டில் நீ பார்த்த மாதிரிதான் இருந்திருக்கும். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிழிக்கவில்லை. அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன், கிழிக்கவில்லை.

பிறகு கேட்டார்: "இது எப்பருந்து ஒங்கிட்ட இருக்கு?"

"மே மாசத்துலருந்து."

"அப்ப நீ மொத மொத வந்தப்பவும் பையில இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அவன் தெரியாம இடிச்சான். உள்ள ஒக்காந்து ரெண்டு வருசமா அதயே நெனச்சிட்டு இருக்கான். அவன் எழுதினதப் படிச்சிட்டேன். நீ எல்லாந் தெரிஞ்சு மூணு ஞாயித்துக்கிழம இங்க ஒக்காந்து சாப்பிட்டியேம்மா."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸு வந்துரும். கெளம்பு" என்றார்.

பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அந்தத் தாள்கள் அவரிடம்தான் இருக்கின்றன. கடையில் வேலையை விட்டுவிட்டேன். தவுக்கே காரணம் கேட்டார். படிக்கப் போகிறேன் என்றேன். கதவுவரை வந்து, எங்கள் கடைக்கு உன்னைப்போல் எழுத ஆள் கிடைக்காது என்று மலாயில் சொன்னார். அவருக்கு நான் என்ன எழுதினேன் என்று கடைசிவரை தெரியாது.

உன் வேலையை நான் கெடுத்துவிட்டேனா என்று தெரியவில்லை. கெடுத்திருந்தால் அது என் தப்பு, உன்னுடையது அல்ல.

துளசி


26.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

தீபாவளிக்கு அம்மா கொண்டுவந்த முறுக்கை உள்ளே விடவில்லை. வெளியே உட்கார்ந்து அம்மாவே தின்றுவிட்டுப் போனாளாம், அதுவரைக்கும் நல்லது. நான் நலம். நீ படிக்கிறாயா?

பிச்சைமுத்து ஐயா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். வார்டர் ஐயா முன்பே படித்துவிட்டதால், "பிரிங்க தம்பி, ஒண்ணும் பண்ணாது" என்றார்.

மன்னித்தேன் என்று எழுதவில்லை. மன்னிக்கவில்லை என்றும் எழுதவில்லை. அப்படியே இதில் எடுத்து எழுதுகிறேன்:

"தர்மாவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். தெலுக் இந்தானில் இருக்கும் என் அக்கா நவமணி வீட்டோடு வந்துவிட்டேன். பலகையைக் கொண்டுவந்திருக்கிறேன், விற்கப் போவதில்லை. உன் தங்கச்சி எழுதிக் கொடுத்ததில் ஒரு பிழை இருக்கிறது. முப்பத்தொன்றாம் நம்பர் வீடு பூட்டியே கிடந்தது என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அது பொய். அது எங்கள் வீடு. ஷர்வின் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தது அந்த வீட்டுக்குத்தான். என் வாயால் சொல்ல வரவில்லை, அதனால் பொய் சொன்னேன். அதைத் திருத்தி எழுதித் தரச் சொல். நேரில் வர வேண்டாம். தபாலில் அனுப்பினால் போதும்."

அவர் கடிதத்தின் கீழே விலாசம் இருக்கிறது. அதை உனக்கும் எடுத்து எழுதியிருக்கிறேன், அடுத்த பக்கம் பார்.

எத்தனை தடவை கிழித்தாலும் பரவாயில்லை, நிதானமாக எழுது.

அண்ணன்,
தர்மா


ஈப்போ
2.11.2025

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

தாங்களும் தங்கள் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். புது இடத்துத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

திருத்தம் கீழே:

"நம்பர் 31. பிச்சைமுத்து வீடு. அவர் மகன் ஷர்வின் பிறந்த மூன்றாம் நாள் இந்த வீட்டுக்கு வந்தார். பதினேழு வருடம் இங்கே வளர்ந்தார். வீடுகளை இடித்தபோது நாற்பத்து நாலு தகடுகளையும் கழற்றிக் காப்பாற்றியவர் அவர்தான். மூன்று வீட்டுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். விற்பனைக்கு அல்ல."

மூன்றாம் நாள், பதினேழு வருடம் என்பதெல்லாம் நானாகக் கணக்குப் போட்டு எழுதியவை. தவறாக இருக்கலாம். தவறு என்றால் எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
துளசி,
தர்மாவின் தங்கை